அணிகலனும் அணிவோர் உரிமையும்

மன்னார்புரத்தில் ஒருநாள் மதுரைப் பேருந்தினின்றும் மூதாட்டி ஒருவர் இறங்கினார். அவர்தம் காதுமடல்கள் தோளளவு தாழ்ந்து தொங்கின. அவற்றில் அணி ஒன்றும் இல்லை. உடன் நின்ற மாணவருள் ஒருவர், “பாம்படம் எங்கே, பாட்டி?” என்று சிரித்தவாறே வினவினார். “பேத்தி கல்யாணத்துக்கு அழிச்சுப் போட்டாச்சு, தம்பி” என்று விடையிறுத்து அவர் நடந்தார். அவ்விடை பன்னாள் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

பாம்படம் நம் தென்மாவட்டத்து மகளிர் அணிந்த காதணி. அரக்கின்மேல் பொற்றகடு போர்த்து, உருண்டையும் சதுரமும் இணைத்துப் பெயரறியாப் பொற்கொல்லர் சமைத்த அரிய வடிவம் அது. உருக்கினால் பொன் எஞ்சும், வடிவம் மீளாது.

ஆயின், பழமை என்பதனாலேயே ஓர் அணியைப் போற்றுதல் தகுமோ எனின், தகாது. அணிவார் விருப்பத்தால் அணிகலன் பெருமை பெறும். பிறர் ஏவலால் சிறுமையுறும். திருவிதாங்கூரில் புலையர் குலமகளிர் கல்லும் கண்ணாடிமணியும் கோத்த மாலையன்றிப் பொன் அணியலாகாது என்பது பழைய கட்டு. 1915-ஆம் ஆண்டு, அய்யன்காளி தலைமையில் கொல்லத்திற் கூடிய பெருங்கூட்டத்தில் அம்மகளிர் அம்மாலைகளை அறுத்தெறிந்தனர். நம் இராமநாதபுரச் சீமையிலோ, 1930-ஆம் ஆண்டு ஆதிதிராவிடர்க்கு ஆதிக்கச் சாதியார் விதித்த எட்டுத் தடைகளுள், பொன்னும் வெள்ளியும் அணியலாகாது என்பதும் ஒன்று. மீறியோர் வன்முறைக்கு ஆளாயினர். அறுத்தெறிந்தாரும், தடையை மீறி அணிந்தாரும் நாடிய உரிமை ஒன்றே: தம் உடம்பின்மேல் இருக்கத்தக்கது யாதென்பதைத் தாமே முடிவுசெய்தல்.

இவ்வுரிமையை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரும் தம் கலையால் நாட்டினர். இரும்பு விலங்கு பூட்டிக் கொணரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், தாம் விரும்பிய அணியைத் தாமே படைத்தல் சிறு செயலன்று. ஜமைக்காப் பெற்றோர்க்குக் கியூபாவிற் பிறந்த ஆர்ட் ஸ்மித் (1917–1982) என்பார், 1946-இல் நியூயார்க்கில் கடை திறந்து, செம்பையும் பித்தளையையும் வளைத்துக் கழுத்தும் தோளும் தழுவும் அணிகள் செய்தார். அவற்றை 2008-இல் புரூக்ளின் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அவற்றின் மதிப்பு எடையில் இல்லை. செய்தோர் கருத்திலும் அணிந்தோர் துணிவிலும் உள்ளது.

நாமோ எடையொன்றையே அறிகின்றோம். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. எனினும் ‘எத்தனை பவுன்?’ என்னும் வினா இன்னும் ஓய்ந்திலது. அவ்வினாவுக்கு விடையாகவே பாட்டியின் பாம்படம் உலைக்குச் செல்கின்றது. பேத்தி விரும்பும் அணி யாதென்று கேட்பார் எவருமிலர்.

மாணவ நண்பர்காள்! இவ்விடுமுறையில் நும் பாட்டியாரை அணுகி, அவர் அணிந்த நகைகளின் பெயரையும், செய்தவர் ஊரையும், அணிந்த கதையையும் எழுதிவைம்மின். எஞ்சியவற்றைப் படம் பிடித்து வைம்மின். நுமக்கு மணம் பேசும் நாளில் பவுன் கணக்கு வினவோம் என உறுதி கொள்ளுமின். இவ்விரண்டும் செய்யாது, பழம்பெருமை பேசுதல் வீணே.