டேட்டாவுக்கு டெஸ்ட் கிடையாது, கேள்விக்குத்தான்!

டிஸ்கி: கணக்குன்னாலே அலர்ஜி இருக்கிறவங்களும் தைரியமா படிக்கலாம். ஃபார்முலா எதுவும் கிடையாது :-)

பிஎச்டி பண்ற நண்பர்கள் உங்களுக்கு இருந்தா, தீசிஸ் முடிக்கிற நேரத்துல இந்தக் கேள்வி காதுல விழுந்திருக்கும். "டேட்டா எல்லாம் எடுத்தாச்சு. இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?"

என்னைக் கேட்டா, இது தலைகீழான கேள்வி. என்ன கேட்கப் போறோம்னு முதல்லயே தெளிவா இருந்தா, டெஸ்ட் பெரும்பாலும் தானா வந்து நிக்கும். இதுக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கு.

1905-ல குஷ்னி, பீபிள்ஸ்னு ரெண்டு பேர் தூக்க மருந்துகளைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல 10 நோயாளிகளோட கணக்கை எடுத்து 1908-ல அலசினவர் வில்லியம் கோசெட். டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனியில வேலை. 'ஸ்டூடன்ட்'ங்கிற புனைபெயர்ல எழுதினார் (நம்ம பதிவர்கள் மாதிரியே!). இன்னிக்கு எல்லாரும் போடற டி டெஸ்ட் அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான்.

அந்தப் பத்துப் பேருக்கும் ரெண்டு மருந்தும் வெவ்வேறு ராத்திரிகள்ல கொடுத்திருக்காங்க. முதல் மருந்துல சராசரியா 0.75 மணி நேரம் தூக்கம் கூடியிருக்கு. ரெண்டாவதுல 2.33 மணி. வித்தியாசம் 1.58 மணி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல.

இப்ப இதையே, தனித்தனியா பத்துப் பத்துப் பேர்னு நினைச்சு டி டெஸ்ட் போட்டா, பி மதிப்பு கிட்டத்தட்ட 0.08. அதாவது, மருந்துகளுக்குள்ள வித்தியாசமே இல்லைன்னு வெச்சுக்கிட்டாலும், இவ்வளவோ இதுக்கு மேலயோ வித்தியாசம் தற்செயலா வர நூத்துக்கு எட்டு வாய்ப்பு இருக்கு. 0.05-ஐயே வேதவாக்கா நினைக்கிறவர் "வித்தியாசம் இல்லை"ன்னு எழுதி மூடி வெச்சிடுவார்.

அதே எண்களை, அதே ஆள்தான்னு ஜோடி சேர்த்துப் போட்டா? 0.003!

மாயமந்திரம் ஒண்ணும் இல்லீங்க. ஆளுக்கு ஆள் தூக்கம் எக்கச்சக்கமா மாறும். முதல் மருந்துல ஒருத்தருக்கு 3.7 மணி கூடியிருக்கு, இன்னொருத்தருக்கு 1.6 மணி குறைஞ்சிருக்கு. இந்த இரைச்சல்ல மருந்தோட குரல் கேக்கலை. ஒவ்வொருத்தரையும் அவரோடயே ஒப்பிட்டா இரைச்சல் அடங்கிடும். பத்துல ஒன்பது பேர் ரெண்டாவது மருந்துலதான் அதிகம் தூங்கினாங்க. ஒருத்தருக்கு ரெண்டும் சமம். காசை ஒன்பது தடவை சுண்டி, ஒன்பது தடவையும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 256-ல் 1. இதுவே ஒரு டெஸ்ட்தான், பேரு சைன் டெஸ்ட். கம்ப்யூட்டரே வேணாம்!

"டேட்டா நார்மலா இருக்கா?"ன்னு உடனே ஒருத்தர் கேப்பார். நல்ல கேள்விதான். ஒரு நோயாளிக்கு வித்தியாசம் 4.6 மணி, மத்தவங்க எல்லாரும் 2.4-க்குள்ள. இந்த ஒருத்தர் சராசரியை இழுக்கறாரோன்னு சந்தேகம் வந்தா, 1945-ல வில்காக்சன் கொடுத்த ரேங்க் டெஸ்ட் இருக்கு. ஆனா அது ரெண்டாவது கேள்வி. யாரை யாரோட ஒப்பிடறோம்ங்கிறதுதான் முதல் கேள்வி.

மத்ததெல்லாம் இப்படித்தான். மூணு நாலு குழுவோட சராசரின்னா அனோவா. ஆமா/இல்லைன்னு எண்ணிக்கைன்னா கை ஸ்கொயர், எண்ணிக்கை ரொம்பக் கம்மின்னா ஃபிஷர் டெஸ்ட்.

"என்னப்பா, ஜர்னல் 0.05-க்குக் கீழே கேக்குதே"ன்னு சொல்றது புரியுது. அதுக்காக ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்து, கிடைச்சதை மட்டும் எழுதறதைத்தான் என்னால ஒத்துக்க முடியலை. ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 சோதனை போட்டா, ஒண்ணாவது 0.05-க்குக் கீழே வர வாய்ப்பு 64 சதவீதம். இதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லை, லாட்டரி. பி மதிப்பு விளைவோட அளவையோ முக்கியத்துவத்தையோ சொல்லாதுன்னு அமெரிக்க புள்ளியியல் சங்கமே 2016-ல அறிக்கை விட்டுச்சு. தூக்கம் வராதவருக்கு 0.003 எதுக்கு? ஒன்றரை மணி நேரம்தான் அவருக்குச் செய்தி.

தப்பான டெஸ்ட் நல்ல மருந்தைக் குப்பைக்கு அனுப்பும். தேடிப் பிடிச்ச டெஸ்ட் உதவாத மருந்தை ஒருத்தர் வாயில போடும். ரெண்டுமே தீசிஸோட முடியற விஷயம் இல்லை.

அதனால ஆராய்ச்சி பண்ற நண்பர்களே, டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதி வெச்சுக்கோங்க: யாரை யாரோட, எதை அளந்து ஒப்பிடப் போறேன்? அந்த வரியோட போனா, புள்ளியியல் வாத்தியார் அஞ்சு நிமிஷத்துல டெஸ்ட்டைச் சொல்லிடுவார்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல கும்மலாம் :-)