மரப்பொம்மையின் வாய்த்துடுக்கு

என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவான், வாயைத் திறக்கமாட்டான். "பேச வராத பிள்ளையா?" என்று புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டதும் உண்டு.

ஒரு நாள் கதைப் பாடத்துக்காகப் பழைய வெள்ளைக் காலுறை ஒன்றில் இரண்டு கறுப்புப் பொத்தான்களைக் கண்ணாகத் தைத்து, சிவப்புத் துணியில் நாக்கு வைத்து, அவன் கையில் மாட்டிவிட்டேன். காலுறை என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, "டீச்சர், நீங்க ரொம்ப வேகமாப் பேசுறீங்க. கணக்கு ஒண்ணுமே புரியல" என்றது!

வகுப்பு கொல்லென்று சிரித்தது. என் முகம் சிவந்துவிட்டது. சொன்னது உண்மைதான், நான் கொஞ்சம் வேகக்காரிதான். ஆனால் இத்தனை பேச்சும் இவ்வளவு நாள் அந்தப் பிள்ளைக்குள் எங்கே ஒளிந்திருந்தது?

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு எட்கர் பெர்கன் என்ற அமெரிக்கரின் நினைவு வந்தது. உங்களில் பலர் கேள்விப்பட்டிராத பெயர். 1903ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தவர். பெற்றோர் சுவீடன் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். உதட்டை அசைக்காமல் குரலை மாற்றிப் பேசும் வித்தையைப் பையனாக இருந்தபோதே ஒரு சிறு புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பள்ளியில் படிக்கும் காலத்தில், தெருவில் பத்திரிகை விற்ற ஒரு குறும்புக்காரப் பையனின் சாயலில் மரத்தலை ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செதுக்கி வாங்கினார். அதுதான் சார்லி மக்கார்த்தி. பின்னாளில் அதற்கு உயரத் தொப்பி, ஒற்றைக் கண்ணாடி, விருந்துக்குப் போகும் கோட்டு எல்லாம் வந்து சேர்ந்தன.

பெர்கன் கூச்ச சுபாவம் உள்ளவர். நாலு பேர் முன்னால் தாமாகப் பேசத் தயங்குவார். மடியில் உட்கார்ந்த சார்லிக்கோ பயமே கிடையாது. பெரிய மனிதர்களைக் கேலி செய்யும், அழகான நடிகைகளிடம் வம்பு பேசும், டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரோடு வாரந்தோறும் மல்லுக்கு நிற்கும். போதாததற்குத் தன்னைத் தூக்கி வைத்திருப்பவரையே, "கருமி, வழுக்கை, உதடு அசையுதே ஐயா!" என்கிற பாணியில் வாரும். 1937 முதல் 1956 வரை அவர்களுடைய வானொலி நிகழ்ச்சி நடந்தது. வானொலியில் உதடு அசைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது! 1938இல் பெர்கனுக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது கொடுத்தபோது, வாய் அசையும் மரச் சிலையாகவே செய்து கொடுத்தார்கள்.

இதுவரை வேடிக்கை. இனி நான் சொல்வதைக் குடும்பத் தலைவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

1946இல் பெர்கனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கேண்டிஸ் என்று பெயர். பத்திரிகைகள் அந்தக் குழந்தையை எப்படி அழைத்தன தெரியுமா? 'சார்லியின் தங்கை'! அந்த வீட்டில் பொம்மைக்கென்று தனி அறை இருந்தது. அப்பா ஒரு முழங்காலில் சார்லியையும் மற்றொன்றில் மகளையும் உட்கார வைப்பார். மகளின் பின்னங்கழுத்தை மெல்ல அழுத்துவார். அவள் வாயைத் திறந்து மூடுவாள். குரல் கொடுப்பது அப்பா. அன்பை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதரை அப்பாவாகப் பெற்ற ஏக்கம் அந்த அம்மையாரின் நினைவுக் குறிப்புகளில் தெரிகிறது.

1978 செப்டம்பரில் பெர்கன் ஓய்வு பெறுவதாக அறிவித்து, சார்லியை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அதே மாதம் 30ஆம் தேதி, கடைசி நிகழ்ச்சிகளுக்காக லாஸ் வேகஸ் போயிருந்த இடத்தில் உறக்கத்திலேயே காலமானார். உயிலைப் பிரித்தார்கள். சார்லியின் பராமரிப்புக்கென்று 10,000 டாலர் எழுதியிருந்தது. மகளுக்கு ஒன்றும் இல்லை. பணத்துக்காக அவர் வருந்தியிருக்கமாட்டார். அப்போதே பெயர் பெற்ற நடிகை. பின்னாளில் தொலைக்காட்சியில் யாருக்கும் அஞ்சாத, வாய்த்துடுக்கான பெண் செய்தியாளராக நடித்து ஐந்து முறை எம்மி விருது வாங்கினார். சார்லியின் தங்கை அல்லவா!

அந்த அப்பாவை நான் குறை சொல்ல வரவில்லை. பொம்மை இல்லாவிட்டால் அவர் அந்தப் பாதி வார்த்தையைக்கூடப் பேசியிருக்கமாட்டாரோ என்னவோ. நம் தோட்டங்களிலும் இத்தகைய தகப்பன்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விடியுமுன் வேலைக்குப் போய், செம்பனைக் குலை வெட்டி, தோள் இற்றுப்போய்த் திரும்புகிறவர்கள். மகனுக்குப் புதுக் காலணி வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிணற்றடிக்கோ குழாயடிக்கோ குளிக்கப் போய்விடுவார்கள்.

என் வகுப்புப் பையனின் அப்பாவும் அப்படித்தான். மறுவாரம் காலுறை என்னிடம் வேறொன்றும் சொன்னது. "எங்கப்பா எங்கிட்ட பேசவே மாட்டாரு டீச்சர். கோவமான்னு தெரியல." சொல்லிவிட்டுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான், காலுறை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை வீட்டுக்குக் கொண்டுபோ. அப்பா கையில் மாட்டிவிடு" என்றேன். சொல்லிய பிறகு மனம் உறுத்தியது. பெர்கன் வீட்டுக் கதை தெரிந்தவளே இந்த வேலையைச் செய்யலாமா? காலுறை பேசினால் போதுமென்று அப்பா இருந்துவிட்டால்?

வெள்ளிக்கிழமை அதைத் திருப்பிக் கேட்டேன். கையில் காலுறை இல்லை. அவனாகவே, சொந்த வாயால் பேசினான்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் டீச்சர். அப்பா கேட்டாரு."

சரி என்றேன்.