முடிச்சூர்ப் பிள்ளைகளை யார் தொடர்ந்து பார்ப்பது?

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரைமீறி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்போது ஒன்றாம் வகுப்பு படித்த பிள்ளைகள் பத்தே ஆண்டுகளில் மேல்நிலை வகுப்புக்கு வந்துவிட்டார்கள். இன்றும் ஐப்பசியில் வானம் இருட்டினால் வீட்டுப் பத்திரங்களை பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றுகிறவர்கள் அங்கே உண்டு. “மழைச் சத்தம் கேட்டா இவன் தூங்கவே மாட்டான் டீச்சர்” என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். வயது ஏற ஏற இது தானாகச் சரியாகிவிடுமா? படிப்பைக் கெடுக்குமா? அதே வெள்ளத்தில் தவித்த பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறாள்? இதற்கெல்லாம் பதில் வேண்டுமென்றால், தண்ணீர் வடிந்த வாரத்திலிருந்தே அந்தப் பிள்ளைகளை ஆண்டுதோறும் வீடு தேடிப்போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், அதுவும் பத்து ஆண்டுகளுக்கு நிற்காமல் வரும் பணம்.

தாம்பரத்தை ஒட்டிய புறநகரில் உளவியல் கற்பிக்கிறவள் நான். முதுகலை மாணவிகள் ப்ராஜெக்டுக்குத் தலைப்புக் கேட்டு வரும்போது கண்ணில் அவ்வளவு ஆர்வம் இருக்கும். முடிச்சூர் போகலாமா மேடம், பெருங்குடியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களின் தூக்கத்தைப் பற்றிச் செய்யலாமா மேடம் என்பார்கள். கையில் இருப்பது சில மாதங்கள். செராக்ஸ் செலவும் பஸ் கட்டணமும் அவர்களுடையதே. கடைசியில் தோழிகளுக்கும் தோழிகளின் தோழிகளுக்கும் கூகுள் ஃபார்ம் அனுப்பி முடிக்கிறார்கள். அதிலுள்ள கேள்விகளும் வேறொரு நாட்டு மக்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றைத் தமிழாக்கி, நம் ஊர் மனிதர்களிடம் வைத்து, சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பதே தனியாக ஓராண்டு வேலை. அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை.

மூளை ஆராய்ச்சிக்கு நம் தென்சென்னையிலேயே நல்ல காலம் பிறந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் கொடையால் நடக்கிறது. கருவில் வளரும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். எனக்கு அதில் உண்மையான பெருமை. மூளையின் படத்தைக் காட்டிப் பணம் கேட்க முடிகிறது. பயந்த பையனின் பத்து ஆண்டுகளைக் காட்ட அப்படி ஒரு படமில்லை, பெரிய கொடையாளர்களும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அரசின் சட்டங்களிலும் அதே சாய்வைப் பார்க்கிறேன். அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கான 2023-ஆம் ஆண்டுச் சட்டம், சமூக அறிவியல்களை அறிவியல் தொழில்நுட்பத்தோடு அவை தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டுமே சேர்த்துக்கொள்கிறது. கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியைப் பல்கலைக்கழக ஆய்வுக்குக் கொடுக்கலாம் என்கிற விதியிலும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் என நான்கு பெயர்கள்தாம்.

மனிதர்களின் நடத்தையை ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களை நான் சேத்துப்பட்டுக்கு அழைப்பேன். 1956-இல் அங்கே காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதுதான் அன்றைய வழக்கம். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயரில் நமக்கு ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் அந்த மையம் நிரூபித்தது. ஆனால் உடம்பு கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே, அதற்கு என்ன செய்வது? மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண்ணெதிரே மாத்திரை விழுங்க வைக்கிற முறை அந்த அக்கறையிலிருந்து வளர்ந்தது. பின்னர் அது உலகெங்கும் பரவியது. வேதிப்பொருளைப் பற்றிய ஆய்வுக்கு நடுவே மனிதர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்கவும் பணம் ஒதுக்கியிருந்தார்கள், அதனால்தான் இது முடிந்தது.

நீண்ட காலம் தொடர்வதும் நமக்குப் புதிதல்ல. 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறை மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 90 பேரை டாக்டர் ஆர். தாராவும் ஸ்கார்ஃப் நிறுவனத்தாரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். வீடு மாறியவர்களையும் திருமணமாகிப் போனவர்களையும் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய உழைப்பு! நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். எத்தனை அரசுகள் மாறினாலும் அந்த ஆய்வு நிற்கவில்லை.

நான் கேட்பது இதுதான். தாம்பரம் மாநகராட்சியிலும் அடையாற்றை ஒட்டிய ஊராட்சிகளிலும் ஆயிரம் பிள்ளைகளையாவது பதினைந்து ஆண்டுகள் தொடரும் ஆய்வு ஒன்றைத் தமிழக அரசு தொடங்கட்டும். பதினைந்து ஆண்டுக்கான பணத்தையும் முதல் நாளிலேயே ஒதுக்கிவிட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை நீட்டிப்புக்குக் கையேந்தும் திட்டத்தில் அனுபவமுள்ள களப்பணியாளர் ஒருவரும் தங்க மாட்டார். அந்தக் களப்பணியாளர்கள் முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பெண்களாகவே இருக்கட்டும். மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் அவர்களுக்குக் கிடைக்கட்டும். ஐஐடியின் மூளை மையமும் நம் பக்கத்துக் கல்லூரிகளின் உளவியல் துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேள்விகளை எழுதட்டும். கம்பெனி நிதி விதியில் நடத்தை அறிவியலையும் ஒன்றிய அரசு ஐந்தாவது பெயராகச் சேர்த்தால், பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்தே தொடங்கலாம்.