இருபத்தாறு யார் வைத்த எண்?

"ஸ்ட்ரிங் தியரியா? கணக்கு உதைத்தால் இன்னும் இரண்டு பரிமாணத்தைச் சேர்த்துக்கொள்வார்கள்!" அறிவியல் படித்தவர்களே இப்படிக் கிண்டலடிக்கிறார்கள். சோதனைச் சான்று இல்லை என்று குறை சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். இஷ்டத்துக்கு வளைக்கலாம் என்பது மட்டும் கணக்கைத் திறந்தே பார்க்காதவர்கள் பேச்சு.

திறந்துதான் பார்ப்போமே. 1968-ல் கேப்ரியல் வெனெசியானோ, துகள்கள் மோதிச் சிதறும் வீச்சை ஆய்லரின் பீட்டா சார்பில் எழுதினார். அது ஸ்ட்ரிங்குகளின், அதாவது இழைகளின், மோதல் என்பது பிறகுதான் புரிந்தது. மோதலின் நடுவே ஒரு கனத்த துகள் தோன்றி மறையலாம். அப்படித் தோன்றக்கூடியவற்றை நிறைப்படி வரிசைப்படுத்தி, நிறையற்ற துகளுக்கு அடுத்த படியை எடுத்துக்கொள்ளுங்கள். சிதறும் கோணத்தின் கொசைனை வர்க்கமாக்கி, 25-ஆல் பெருக்கி, 1-ஐக் கழித்தால் வீச்சின் வடிவம் வந்துவிடும். எல்லாத் திசைகளுக்கும் அதைச் சராசரி எடுத்தால் தற்சுழற்சி இல்லாத துகளின் பங்கு கிடைக்கும். நம் முப்பரிமாண வெளியில் கொசைன் வர்க்கத்தின் சராசரி 1/3. வெளிக்குப் பத்துப் பரிமாணம் என்றால் 1/10. ஆகவே அந்தப் பங்கு, 25-ஐ வெளிப் பரிமாணங்களின் எண்ணிக்கையால் வகுத்து 1-ஐக் கழித்தது. இந்தப் பங்கு ஒரு நிகழ்தகவைக் குறிப்பது; நிகழ்தகவு சுழிக்குக் கீழே போக முடியாது. வெளிப் பரிமாணம் 25-ஐத் தாண்டினால் போய்விடுகிறது! காலத்தையும் சேர்த்தால் உச்சவரம்பு 26. க்ளாட் லவ்லேஸ் 1971-ல் முற்றிலும் வேறொரு கணக்கின் வழியே வந்து நின்றதும் இதே 26-ல்தான். இதில் யாருடைய இஷ்டம் இருக்கிறது?

ஃபெர்மியான்களையும் சேர்த்த மீயிழைக்கு இந்த எண் 10 ஆகிறது. அங்கே பிடி இன்னும் இறுக்கம். விசைத் துகள்களின் வகை சரியாக 496 இருந்தால்தான் முரண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும் என்று 1984-ல் மைக்கேல் கிரீனும் ஜான் ஷ்வார்ஸும் காட்டினார்கள். 495 என்றால் கோட்பாடே இல்லை.

'பத்தின் 500-ஆம் அடுக்கு அளவுக்குத் தீர்வுகள் இருக்கின்றனவே' என்பார்கள். உண்மையான தலைவலிதான். ஆனால் தீர்வுகள் பெருகுவது வேறு, விதியைத் திருத்திக்கொள்வது வேறு.

தாக்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு நல்ல ஆயுதம் ஒன்று உண்டு. கிண்டலடிப்பவர்கள் அதை எடுப்பதே இல்லை. 1969-ல் கூன் என்பவர் வெனெசியானோ வீச்சை ஓர் அளபுருவால் திரித்து இன்னொன்று எழுதினார். அளபுருவின் சில மதிப்புகளுக்கு அதுவும் மேலே சொன்ன நிகழ்தகவுத் தேர்வில் தேறுகிறது; அப்படியானால் வெனெசியானோ வீச்சு மட்டுமே தேறும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பின்னால் எந்த இழை இருக்கிறது, இழைதானா என்பதே இன்னும் தெளிவாகவில்லை.