மூக்கும் நம் வேலைதான்

மேல்தாடையை அறுத்து நகர்த்திய நோயாளியை இரண்டாம் நாள் இரவில் போய்ப் பார்த்தால் தெரியும், அவர் படும் பாடு வலியால் அல்ல. வலி நாம் கொடுக்கும் மருந்துக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. மூக்குத் துளை இரண்டும் காய்ந்த ரத்தத்தால் அடைத்திருக்கும். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் எலாஸ்டிக் இழுத்துப் பிடித்திருக்கும். வீங்கிய உதட்டின் ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் தூக்கம் போகும். பேச முடியாததால் கைபேசியில் "ஊபிரி ஆடட்லேது" என்று தட்டி டூட்டி சிஸ்டரிடம் நீட்டுவார். மூச்சு விட முடியவில்லை என்கிறார். சிஸ்டர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டுவார், 98 காட்டும். "ஒன்றும் இல்லை, தூங்குங்கள்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவார். 98 என்பதும் உண்மை, மூச்சு முட்டுகிறது என்பதும் உண்மை.

ஹைதராபாத்தில் முக அறுவைக்குப் பஞ்சமில்லை. வண்டியிலிருந்து விழுந்து கன்ன எலும்பு நொறுங்கி வருகிறவர்கள், பல் வரிசைக்காகத் தாடையைத் திருத்திக்கொள்ளும் இளைஞர்கள், பிளவு அண்ணக் குழந்தைகள், வாய்ப் புற்றுநோயாளிகள் என்று வார்டுகள் நிரம்பி வழிகின்றன. எலும்பு சரியாகப் பொருந்தியதா, பல் கடி சரியாக விழுகிறதா என்று காலை ரவுண்டில் பார்க்கிறோம். மூக்கைப் பற்றிக் கேட்டால் "ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்கிறோம். பெரும்பாலும் ஆகிவிடுகிறது என்பதுதான் வம்பு. தானாகச் சரியாகிற ஒன்றை யாரும் பாடமாக நடத்துவதில்லை.

காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். மயக்கக் குழாய் பல மணி நேரம் மூக்கு வழியாகவே போயிருக்கிறது. லெ ஃபோர்ட் முறையில் மேல்தாடையை இறக்கும்போது மூக்கின் தரைப்படலம் கிழிகிறது. சைனஸ்களில் ரத்தம் தேங்குகிறது. இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகிறது. தாடையை மேலே ஏற்றியிருந்தால் மூக்கின் உள்ளிடமும் குறைந்திருக்கும். இவ்வளவும் தெரிந்த நாம் சம்மதப் படிவத்தில் உதடு மரத்துப்போகலாம், ரத்தம் கசியலாம், தாடை பழைய இடத்துக்கே திரும்பலாம் என்றெல்லாம் எழுதுகிறோம். "ஒரு வாரம் மூக்கால் மூச்சு விட முடியாது" என்ற ஒரு வரி அதில் இருப்பதில்லை. அறுவைக்கு முன்பே ஓ.பி.யில் நோயாளியை உட்காரவைத்து, பல்லைக் கடித்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாக மூச்சு விடப் பழக்கலாம். ஐந்து நிமிட வேலை. பழகியவர் இரண்டாம் நாள் இரவில் அவ்வளவாகப் பதறமாட்டார். தலைமாட்டில் எலாஸ்டிக்கை வெட்டக் கத்தரிக்கோல் இருக்க வேண்டும். எப்போது வெட்டலாம் என்பது சிஸ்டருக்கும் கூட இருக்கும் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூச்சைக் கவனி என்பது இந்த ஊரில் பழைய பேச்சு. 1888இலும் 1889இலும் அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியின் எட்வர்ட் லாரி, ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கானின் ஆதரவில் இரண்டு குளோரோஃபார்ம் கமிஷன்களை நடத்தினார். முதல் கமிஷனின் முடிவை லண்டனில் ஏற்கவில்லை. நிஜாம் ஆயிரம் பவுன் கொடுத்து, 'லான்செட்' இதழின் சார்பில் மருத்துவர் லாடர் பிரண்டனை ஹைதராபாத்துக்கே வரவழைத்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று பலரும் சொல்லும் ரூபாபாய் ஃபர்தூன்ஜியும் லாரியின் குழுவில் பயிற்சி பெற்றவர்தான். குளோரோஃபார்ம் இதயத்தைத் தாக்குவதற்கு முன் மூச்சை நிறுத்துகிறது, ஆகவே நாடியை விட்டுவிட்டு மூச்சைப் பாருங்கள் என்பது கமிஷனின் முடிவு. அது முழுக்கச் சரியல்ல. இதயம் திடீரென்று நின்றுபோவதும் உண்டு என்று 1911இல் குட்மன் லெவி காட்டினார். அந்தப் பழைய ஆஸ்பத்திரியும் 1908 மூசி வெள்ளத்தில் போய்விட்டது. அறுவை மேசையில் மூச்சைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் மட்டும் நிலைத்தது. மேசையை விட்டு இறங்கி வார்டுக்குப் போன நோயாளிக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

வார்டில் கிடைக்காததை வீட்டில் தேடுகிறார்கள். வீட்டில் முதலில் செய்வது ஆவி பிடிப்பது. அடுப்பில் கொதிக்கும் தண்ணீர், அதில் கார்வால் பிளஸ் கேப்ஸ்யூலோ விக்ஸோ ஒரு துளி, தலைக்கு மேல் போர்வை. சளிக்கு நம் வீடுகளில் இதுதான் வழக்கம். பாட்டி சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. முக அறுவை முடிந்த முதல் நாட்களில் இதில் இரண்டு ஆபத்துகள். குனிந்து சூடான ஆவியை இழுக்கும்போது ரத்த நாளங்கள் விரிந்து வீக்கம் ஏறும். மூக்கில் மறுபடி ரத்தம் கசியும். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. கண்ணுக்குக் கீழே வரும் நரம்பு மேல்தாடை அறுவையில் இழுபடுகிறது. கன்னமும் மேலுதடும் மூக்கின் ஓரமும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்துப்போகின்றன. சூடு பட்டால் சட்டென்று முகத்தை விலக்கச் சொல்லும் உணர்வே அங்கே இல்லை. கொப்புளம் எழுந்த பிறகு கண்ணாடியில் பார்த்துத்தான் நோயாளிக்குத் தெரியும். சூடான ரசம், ஐஸ் பை இரண்டுக்கும் இதே விதிதான். ஐஸ் பையைத் துணி சுற்றாமல் கன்னத்தில் வைத்தால் தோல் வெளுத்துப்போவதும் தெரியாது. "ஆவி பிடிக்கலாமா டாக்டர்?" என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு மருத்துவமாகவே தோன்றுவதில்லை.

ஆவிக்குப் பதில் உப்புநீர். முதல் நாட்களில் ஸ்ப்ரேயாக மட்டும். படலம் மூடத் தொடங்கிய பிறகு, அறுவை செய்தவர் சரி என்றால், மெதுவாகக் கழுவலாம். அழுத்தம் கூடாது; அவசரக்காரர்கள் சிரிஞ்சை முழு வேகத்தில் அழுத்துகிறார்கள். ஒரு லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு, வீட்டுக் கணக்கில் மட்டமாக ஒன்றரை டீஸ்பூன். தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். பபுள்டாப் கேனில் வருவது குடிப்பதற்குச் சரி, மூக்குக்குள் விடுவதற்கு அல்ல. மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா அரிதுதான். வந்துவிட்டால் பிழைப்பது கடினம். அடைப்பை உடனே திறக்கும் ஓட்ரிவின், நாசிவியான் வகைச் சொட்டு மருந்துகள் மூன்று முதல் ஐந்து நாள் வரை பெரும் ஆறுதல். அதைத் தாண்டினால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். எத்தனை நாள் என்று சீட்டில் எழுதாமல் விட்டால் நோயாளி அடுத்த பாட்டிலைத் தானே மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வார்.

எல்லா அடைப்பும் வீக்கத்தால் வருவதல்ல. சில நம் கையால் வருபவை. தாடையை மேலே ஏற்றும்போது மூக்கின் நடுச்சுவரின் அடிப்பகுதியைத் தேவையான அளவு செதுக்காவிட்டால் அது வளைந்து ஒரு பக்கத்தை அடைத்துவிடும். மூக்கின் பக்கச் சுவரில் பருத்திருக்கும் கீழ் டர்பினேட்டைக் குறைக்க அப்போதுதான் நல்ல வழி திறந்திருக்கிறது. அதையும் நேரம் போதவில்லை என்று விட்டுவிடுகிறோம். மூக்கு வழிக் குழாயை எடுக்கும்போதும் நடுச்சுவர் நகரலாம். மூன்று வாரம் கழித்தும் ஒரு பக்கம் மட்டும் திறக்கவில்லை என்பவரிடம் "பொறுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு நாளிலேயே நடுச்சுவரில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் குருத்தெலும்பு கரைந்து மூக்கு சேணம்போல் உட்கார்ந்துவிடும். ஒன்று, இரண்டு வாரம் கழித்து மூக்கிலிருந்து புது ரத்தம் கொட்டினால் அண்ணத் தமனியை நினைக்க வேண்டும். அது வீட்டில் பஞ்சு வைத்து நிறுத்தும் ரத்தம் அல்ல.

அடைப்பு வேறொரு நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சையை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கிய தெலங்கானா அரசு, கோட்டி அரசு இ.என்.டி. மருத்துவமனையை அதற்கான மையமாக்கியது. சர்க்கரை நோய், கோவிட், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்து அடித்த காலம் அது. பலருக்கு முதல் அறிகுறியே ஒருபக்க மூக்கடைப்பும் கன்ன வலியும்தான். சர்க்கரை உள்ளவரின் மூக்கில் கருத்த பொருக்கைக் கண்டால் சளி என்று எண்ணாமல் இருக்க அந்த ஆண்டு நமக்குக் கற்றுக்கொடுத்தது. அது கற்றுக்கொடுத்த இன்னொன்றை அதிகம் பேசுவதில்லை. மேல்தாடையையும் சைனஸையும் எடுத்தபின் உயிர் பிழைத்தவர்களின் மூக்குக்குள் பெரும் வெற்றிடம். அதில் காற்று தாராளமாகப் போகிறது. ஆனாலும் பலர் அடைப்பாகவே இருக்கிறது என்கிறார்கள்.

இது மனப்பிரமை அல்ல. காற்று போவதை நாம் உணர்வது மூக்கின் படலத்தில் ஐந்தாம் கபால நரம்பு பெறும் குளிர்ச்சியால். படலமும் நரம்பும் போனால் காற்று போவது தெரியாது. மென்தால் முகர்ந்தால் மூக்கு திறந்ததுபோல் இருக்கும், காற்றின் தடையோ துளியும் குறையாது என்று கார்டிஃபில் ரோனால்ட் எக்கிள்ஸ் 1980களில் அளந்து காட்டினார். அமிர்தாஞ்சனுக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதைக்கு இதில் பாதி விளக்கம் கிடைக்கிறது. தாடைத் திருத்த அறுவையிலும் அண்ணத்துக்குப் போகும் நரம்பு அறுபடுகிறது. ஆக்ஸிமீட்டர் 98 காட்டும்போதும் "மூச்சு வரவில்லை" என்பவரிடம் வாதம் செய்யாமல் இருக்க இது ஒன்றே போதும். வெற்றிடம் உள்ளவர்களுக்குப் பொருக்கு அகற்றுவதும் உப்புநீரும் மாதக்கணக்கில் தொடரும் வேலை. அண்ணத்தின் ஓட்டையை மூடும் ஆப்டுரேட்டரைப் பொருத்திய பல் மருத்துவர் அதைச் சரிபார்க்கக் கூப்பிடும் நாளிலேயே மூக்கையும் யாராவது பார்த்தால் நோயாளிக்கு ஒரு பஸ் பயணம் மிச்சம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கு அடைத்தவர் வாயில் எதுவும் இருக்கும்வரை மூச்சை நிறுத்தியாக வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் பயம். அதனால் குடிப்பதைக் குறைக்கிறார், உடலில் நீர் குறைகிறது, சளி கெட்டியாகி மூக்கு இன்னும் அடைக்கிறது. ராகி ஜாவாவை ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லும் உறவினரிடம், சிரிஞ்சால் பத்து மில்லியாக, இடையில் மூச்சு விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரா வேண்டாம். தலையணை இரண்டை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். மெத்தையின் தலைப்பக்கத்தையே முப்பது டிகிரி உயர்த்த வேண்டும்.

மூக்குச் சிந்துவதை இரண்டு, மூன்று வாரமாவது தடுக்க வேண்டும். கன்ன எலும்பும் கண்குழியும் உடைந்தவர் பலமாகச் சிந்தினால் காற்று தோலுக்கடியில் ஏறி, விரலால் அழுத்தும்போது நறநறவென்று கேட்கும். கண்ணுக்குப் பின்னால் ஏறினால் பார்வைக்கே ஆபத்து. தும்மலை அடக்கச் சொல்லக் கூடாது, வாயைத் திறந்து தும்மச் சொல்ல வேண்டும். குறட்டைக்கு சிபாப் என்ற காற்றழுத்தக் கருவி வைத்திருப்பவர் கேட்காமல் அதை மாட்டிக்கொள்ளக் கூடாது. துபாய்க்கும் தோஹாவுக்கும் வேலைக்குத் திரும்ப டிக்கெட்டோடு காத்திருப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம்; எப்போது பறக்கலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்த டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரியாகப் போட்டால் யார் படிப்பது? தெலுங்கிலும் உருதுவிலும், செகந்திராபாத்தின் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழிலும், பெரிய எழுத்தில் ஒரு தனித் தாள் கொடுக்கலாம். ஆவி வேண்டாம், சிந்த வேண்டாம், சொட்டு மருந்து இத்தனை நாள்தான், புது ரத்தமோ கண் வீக்கமோ கருத்த பொருக்கோ கண்டால் உடனே வரவும். கீழே ஒரு தொலைபேசி எண். அது ரிசப்ஷன் எண்ணாக இல்லாமல், இரவு இரண்டு மணிக்கு எடுத்து எலாஸ்டிக்கை வெட்டலாமா வேண்டாமா என்று சொல்லத் தெரிந்தவரின் எண்ணாக இருக்கட்டும்.