சட்ட உதவியும் மேற்பார்வையும்

கூட்டுறவு ஆய்வாளர் வேலை பார்க்கும் நமக்குச் சட்ட அலுவலகத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று வாசக அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. நாம் வழக்கறிஞர் அல்லோம். கல்லூரியில் பயின்றதும் வணிகவியலே. ஆயினும், பிறர் செய்யும் வேலையை மேற்பார்வை செய்வது என்னும் ஒரு காரியத்தையே பல ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். அந்தக் காரியம் ஓர் அரசாங்கச் சட்ட அலுவலகத்தில் சரிவர நடைபெறாமற் போனதால், நம் சங்க அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கண்கூடாகக் கண்டோம். அதன் பயனாக எழுந்த கருத்துக்களை ஈண்டு வெளியிடுகிறோம்.

ஏழை எளியவர் பணமில்லாத காரணத்தால் நீதி பெறாமற் போகலாகாது என்னும் கொள்கை, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் நமது அரசியலமைப்பில் 39-அ பிரிவாக இடம் பெற்றது. அதைச் செயற்படுத்த 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாவட்டந்தோறும் மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழுவும், வட்டந்தோறும் ஒரு குழுவும் அமைந்துள்ளன. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமலும், ஏனையோருக்குக் குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்டும் அங்கே இலவசமாகச் சட்ட உதவி கிடைக்கிறது. தறியில் அமரும் நம் சகோதரிகளும், களை பறிக்கும் நம் தாய்மாரும் பெண்கள் என்ற ஒரே காரணத்தால் இவ்வுதவிக்கு உரியவர்கள் என்பதை நம்மவரில் பலர் இன்னும் அறியார்.

நீதிபதியும் வழக்கறிஞரும் மட்டும் இவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடிக்க இயலாது. ஆகவே 2009-ஆம் ஆண்டில் தேசிய ஆணைக்குழு, சட்டம் சார்ந்த தன்னார்வத் தொண்டர் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆசிரியர், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், அங்கன்வாடி ஊழியர், சுய உதவிக் குழுவினர் முதலானோருக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் அளித்து, மக்களுக்கும் சட்ட உதவி நிலையங்களுக்கும் இடையே பாலமாக நிறுத்துவது அதன் நோக்கம். இவர்கள் சம்பளக்காரர் அல்லர். பணி செய்த நாளுக்கு மதிப்பூதியம் பெறுவோர். திட்டம் மிக நல்ல திட்டம். அதில் நமக்கு ஐயமில்லை.

நிற்க, நாம் கண்ட நிகழ்ச்சிக்கு வருவோம்.

கணவனை இழந்து, தாமே நின்று மஞ்சள் பயிரிட்டு வந்த ஓர் அம்மையார் ஒரு வியாபாரிக்குச் சரக்கு விற்றார். ஓராண்டு உழைப்பின் விலை ஒரு காசோலையாக வந்தது. ஒரு மாதம் பொறுத்து வங்கியில் செலுத்தும்படி வியாபாரி வேண்ட, அம்மையாரும் இசைந்தார். செலுத்திய காசோலை கணக்கில் பணமில்லை என்று திரும்பியது. பத்தாம் நாள் அவர் ஒரு சட்ட உதவி மையத்தின் படியேறினார். அங்கிருந்த தொண்டர் இளைஞர், நல்லவர், அம்மையாரை அமர வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டு, மனுவும் எழுதினார். சமாதானமாக முடிப்பதே மேல் என்று கருதிப் பேச்சுக்கு வரும்படி வியாபாரிக்குக் கடிதம் அனுப்பினார். வியாபாரி வந்து தவணை கேட்டார். மறுபடி வந்து மறுபடியும் தவணை கேட்டார். கோப்பை ஒரு வழக்கறிஞர் முதன்முதலாகத் திறந்து பார்த்தபோது எழுபது நாட்கள் கழிந்திருந்தன.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆவது பிரிவு என்ன சொல்லுகிறது? காசோலை திரும்பிய செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள், அத்தொகையைக் கேட்டு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாட்கள். செலுத்தாவிடில் அதன் பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பதில் தாமதம் ஏற்பட்டால் தக்க காரணம் காட்டி நீதிமன்றத்தின் மன்னிப்பைப் பெறலாம். முதல் அறிவிப்பைத் தவறவிட்டாலோ அந்தச் சலுகையும் இல்லை. தொண்டர் அனுப்பிய கடிதம் பேச்சுக்கு அழைத்ததேயன்றித் தொகையைக் கேட்கவில்லை. காசோலையை மீண்டும் வங்கியில் செலுத்தலாமென்றால் அதன் மூன்று மாத ஆயுளும் முடிந்து விட்டது. மூன்றாண்டுக் காலவரம்புக்குள் உரிமையியல் வழக்குத் தொடுக்கும் வழி மட்டும் எஞ்சியது. கடன் போகவில்லை; வியாபாரியை விரைந்து வழிக்குக் கொண்டு வரும் கருவிதான் கைநழுவிப் போயிற்று. மறு பட்டத்துக்கு விதை மஞ்சள் வாங்க அம்மையார் நகையை அடகு வைத்ததை நாம் அறிவோம்.

குற்றம் யாருடையது? அந்த இளைஞரைப் பலர் ஏசினர். நாம் ஏசமாட்டோம். சங்கத்தில் எழுத்தர் நாட்குறிப்பேட்டைத் தவறாக எழுதியிருந்தால், ஆய்வின்போது நாம் முதலில் கேட்பது எழுத்தரையன்று. பக்கத்தின் அடியில் கையொப்பமிட்ட செயலாளரைத்தான். வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது. இஃது எல்லா நாட்டுக்கும் பொதுவான நீதி. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983-இல் வகுத்த மாதிரி நெறிகளிலும், தம்மிடம் வேலை செய்யும் வழக்கறிஞரல்லாத உதவியாளரின் நடத்தை தொழில் நெறிக்கு இசைந்திருக்குமாறு பார்த்துக்கொள்வது மேலிருக்கும் வழக்கறிஞரின் கடமை என்று விதித்திருக்கிறார்கள்.

பிறருக்குச் சொல்லுமுன் நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு நெசவாளர் சங்கத்தின் நூல் இருப்புப் பதிவேட்டில், கூட்டல் சரியாக இருந்ததைக் கண்டு கையொப்பமிட்டு வந்தோம். அறைக்குள் சென்று சிப்பத்தை எண்ணவில்லை. ஓர் அங்கத்தினரின் கைப்புத்தகத்தையேனும் வாங்கிப் பேரேட்டுடன் ஒத்துப் பார்க்கவில்லை. அடுத்த ஆய்வில் குறைவு வெளிப்பட்டது. பதிவேட்டைப் பார்ப்பது வேறு, வேலையைப் பார்ப்பது வேறு என்பதை அன்றுதான் கற்றோம். தொண்டர்கள் மாதந்தோறும் அறிக்கை அனுப்புகிறார்கள்; இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை மனு எழுதினோம் என்று. அறிக்கையிலுள்ள எண்ணிக்கை அம்மையாரின் 30 நாளைக் காப்பாற்றவில்லையே!

ஆகவே சட்ட உதவி அலுவலகங்களில் மேற்பார்வை எவ்வாறு இருத்தல் நலம் என்பது பற்றி, நம் துறை அனுபவத்தைக் கொண்டு சில யோசனைகளைச் சொல்லுகிறோம்.

முதலாவது, மனுப் பதிவேட்டில் 'கடைசித் தேதி' என்று ஒரு கலம் வேண்டும். மனு வந்த அன்றோ மறுநாளோ, பொறுப்பு வழக்கறிஞர் அதைப் படித்துச் சட்டக் காலவரம்பு முடியும் நாளைத் தம் கைப்படக் குறிக்க வேண்டும். இந்த ஒரு கலம் இருந்திருந்தால் அந்த அம்மையாரின் நகை பெட்டியிலேயே இருந்திருக்கும்.

இரண்டாவது, எது தொண்டர் வேலை, எது வழக்கறிஞர் வேலை என்னும் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். குறை கேட்பது, காகிதங்களைத் திரட்டுவது, படிவம் நிரப்புவது, அலுவலகத்துக்கு உடன் செல்வது ஆகியவை தொண்டருக்குரியவை. எந்த மன்றத்துக்குச் செல்வது, எவ்வளவுக்குச் சமாதானம் செய்வது என்று முடிவுரைப்பது வழக்கறிஞருக்குரியது. நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் உரிமையை 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் அவர்களுக்கே அளித்துள்ளது. எல்லை தெரியாவிடில் வழியும் தவறும். சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் இடையே சங்க அலுவல் பற்றி எழும் தகராறு, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்படி பதிவாளர் முன் செல்லத் தக்கது. இதை அறியாத தொண்டர் அங்கத்தினரை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பினால், அவர் அலைந்து திரும்புவதே மிச்சம்.

மூன்றாவது, படிக்கப்படாத கடிதம் எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியே போகலாகாது. படித்தவர் சுருக்கொப்பம் இட வேண்டும். படியாமல் இடும் ஒப்பம், ஒப்பமே இல்லாததைவிடக் கேடு. பிழைக்கு அது முத்திரை குத்தி விடுகிறது.

நான்காவது, வாரம் ஒரு முறை ஐந்து கோப்புகளைக் கைபோன போக்கில் எடுத்துப் பார்த்தல் வேண்டும். கோப்போடு நில்லாமல் மனுதாரரில் ஒருவரையேனும் அழைத்து, "உமக்கு என்ன சொன்னார்கள்?" என்று கேட்க வேண்டும். கைப்புத்தகத்தைப் பேரேட்டுடன் ஒத்துப் பார்ப்பது போன்றதே இது. தொண்டர் சொன்னதும் மனுதாரர் புரிந்துகொண்டதும் வேறாக இருப்பது அப்போதுதான் வெளிப்படும்.

ஐந்தாவது, இரகசியமும் கைச்சுத்தமும். கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞரின் எழுத்தரும் வெளியிடலாகாது என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. தொண்டர் அதே ஊர்க்காரர். திண்ணைப் பேச்சில் ஒரு சொல் நழுவினாலும் ஒரு குடும்பம் தலைகுனியும். மனுதாரரிடம் காப்பிச் செலவுக்கும் காசு பெறலாகாது. அதே வேளையில், தொண்டரின் மதிப்பூதியம் காலந்தவறாமல் சேருவதையும் மேற்பார்வையாளர் கவனிக்க வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்குக் கையை விட்டுக்கொண்டு வருபவரிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். ஒரு மனுவைப் படித்துத் தேதி குறிக்கக் கால் மணி நேரம் போதும். குறிக்காமல் விட்டதைச் சரி செய்ய மூன்று ஆண்டும் போதாது. இவ்வளவு கெடுபிடி செய்தால் தொண்டு செய்ய யார் முன்வருவார் என்றும் கேட்பார்கள். இதற்கு நம் நெசவாளரே விடை தருவர். தறியில் புதிதாக அமர்ந்த பிள்ளையின் அருகில் பெரியவர் நிற்பது அவனை அவமதிப்பதற்காகவா? இழை அறுந்தவுடன் சொன்னால் அங்கேயே பிணைத்து விடலாம். துணி சுருட்டப்பட்டு அறுத்து வந்த பின் சொன்னால் பழுதுக் கழிவுதான் மிச்சம். அருகில் நிற்பவர் வையாமல் கற்றுக் கொடுப்பவராக இருந்தால் பிள்ளை ஓடிப் போவதில்லை, தேர்ந்த நெசவாளனாகிறான். அந்த இளைஞருக்கும் அப்படி ஒருவர் அருகில் நிற்கவில்லை என்பதே நம் வருத்தம். ஏச்சுக்கு அஞ்சி அவர் தொண்டையே விட்டு விட்டார். ஓர் அம்மையாரின் பணத்தோடு ஒரு நல்ல தொண்டரையும் இழந்தோம்.

சங்க நிர்வாகஸ்தர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும் நம் வேண்டுகோள் இதுவே. உங்களில் படித்த, பொறுமையுள்ள இளைஞர்களையும் பெண்களையும் இத்தொண்டுக்கு அனுப்புங்கள். நூல், கூலி, விளைபொருள், கடன் ஆகியவற்றின் நுட்பம் அறிந்தவர் அங்கே இருப்பது நமக்கு நலம். அனுப்பியதோடு நில்லாமல், அவர்களுக்கு வழிகாட்டும் வழக்கறிஞர் யார் என்றும் வட்டக் குழுவைக் கேளுங்கள். மனுக் கொடுக்கும் அங்கத்தினர், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குவதுடன் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்: "இதை எந்த வழக்கறிஞர் படித்தார்? இதற்குக் கடைசித் தேதி எது?" இலவசமாகப் பெறும் உதவியில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகாது. அது தானமாக வருவதன்று; சட்டம் தந்த உரிமை.

இவ்விரு கேள்விகளுக்கும் உடனே விடை கிடைக்கும் அலுவலகத்தில் மேற்பார்வை இருக்கிறது என்று அறிக. விடை கிடைக்காத இடத்தில் மனுவை அன்றே வட்டக் குழுத் தலைவரின் பார்வைக்குக் கொண்டு செல்க. ஒரு நாளும் தாமதிக்க வேண்டா.