அப்பாவுக்கு அறுபது ஆவதற்குள்

கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு என்று வரும்போது ஒரு சிக்கல் உண்டு. மாநிலம் பகாங். ஆனால் மலையை விட்டு இறங்கினால் கால் படுவது பேராக்கில். மாநிலத்தின் பெயரைத் தாங்கிய பகாங் அல்-சுல்தான் அப்துல்லா பல்கலைக்கழகம் கிழக்குக் கரைப் பக்கம், கம்பாங்கிலும் பெக்கானிலும் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே போவதைவிடக் கோலாலம்பூர் போவது எளிது. அதைவிடவும் பக்கம் கம்பார். ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கி, வடக்கே கொஞ்ச தூரம் போனால் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் வந்துவிடும்.

அங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். உயிரியலில் இளங்கலை முடித்தவர். ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை, சம்பளம் 2,500 வெள்ளி. முதுகலைக்கு மனு செய்ததில் இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று தலைநகரில் மலாயாப் பல்கலைக்கழகம், மற்றொன்று கம்பார். இரண்டுமே ஆய்வு வழிப் படிப்பு, முழுநேரம். அப்பா தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறார். வயது 57. "நீ பெரிய யூனிவர்சிட்டிக்கே போம்மா, இபிஎஃப் பணம் இருக்கு" என்கிறாராம். "அண்ணா, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" என்பது தங்கையின் கேள்வி.

தரவரிசைப் பட்டியலைப் பார்த்து ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். மலாயா, அறிவியல், தேசிய, புத்ரா, தொழில்நுட்பம் என்று ஐந்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி உண்டு. பெயருக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பல்கலைக்கழகத்தின் பெயர் அல்ல, அப்பாவின் வயது.

காரணம், வீடு. தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டிய நிலை தோட்டப்புறத்தில் காலங்காலமாக இருந்து வருகிறது. போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். மலையில் மூன்று, நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் தொழிற்சாலையில் உழைத்தும் வாழ்ந்த குடும்பங்களில், சொந்தப் பெயரில் ஒரு கதவு இல்லாதவை இன்றும் உண்டு. 2013 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆக, இந்தக் குடும்பத்துக்கு இன்னும் மூன்று ஆண்டுகள். அதற்குள் யாராவது ஒருவர் நிலையான சம்பளத்தில் இருந்தால்தான் தாப்பாவிலோ ஈப்போவிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கவோ, கடனுக்கு வாங்கவோ முடியும்.

அதனால் தங்கை கேட்க வேண்டிய கேள்வி கொஞ்சம் வேறு. "எங்கே படித்தால் அப்பாவுக்கு அறுபது ஆவதற்குள் முடித்து, வேலையில் உட்கார முடியும்?" படிப்புக் கட்டணத்தை எல்லோரும் பார்க்கிறோம். மாதங்களை எண்ணுகிறவர்கள் குறைவு.

மூன்று கணக்குகள் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் வாடகை, சாப்பாட்டுத் தொகைகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்தவை. அவற்றை அடித்துவிட்டு உங்கள் தொகையை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு, உள்ளே நுழையும் செலவு. கோலாலம்பூரில் மாதம் 500 வெள்ளிக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். 1,000, 250, 500. மொத்தம் 1,750 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சாவி கைக்கு வருவதற்கே ஒரு தொழிலாளியின் முழு மாதச் சம்பளம் போதாது. மெத்தையும் மின்விசிறியும் இதில் சேரவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. "இந்தியர்கள் வேண்டாம்" என்ற வாடகை விளம்பரங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பத்து அறைகள் இருக்கும் இடத்தில் நமக்கு நான்குதான் திறந்திருந்தால், அந்த நான்கில் மலிவானதைத் தேடவே நேரம் வேண்டும். அதனால் பதிவு நாளுக்கு முதல் வாரம் போய் அறை தேடாதீர்கள். முதுகலை மாணவர்களுக்கு வளாகத்தில் விடுதி உண்டா என்று பல்கலைக்கழகத்தில் முதலில் கேளுங்கள். அடுத்து, அங்கே படிக்கும் தமிழ் மாணவர் அமைப்பைத் தேடிப் பிடியுங்கள். படிப்பை முடித்துப் போகிறவர்களின் அறை கைமாறுவது பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான். அறையை நேரில் பார்க்காமல் ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது கணக்கு, மாதச் செலவு. தலைநகரில் அறை 500, சாப்பாடு நாளைக்கு 20 என்றால் 600, கைப்பேசிக்கு 50, தண்ணீர் மின்சாரப் பங்கு 50, ஊருக்குப் போய்வரவும் சில்லறைச் செலவுக்கும் 150. மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. நிலையம் இருக்கிறது. ரேப்பிட் கேஎல் வழங்கும் மை50 அட்டைக்கு 50 வெள்ளி கட்டினால் 30 நாளும் ரயிலிலும் பேருந்திலும் போகலாம். கூட்டினால் 1,400 வெள்ளி. கம்பாரில் அறை 300, சாப்பாடு 450, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் 80, கைப்பேசி 50, தண்ணீர் மின்சாரம் 40, ஊர்ப் பயணம் 80. கூட்டினால் 1,000 வெள்ளி. மாதம் 400 வெள்ளி வித்தியாசம். ஒன்றரை ஆண்டில் 7,200 வெள்ளி மிச்சம். இத்தோடு கணக்கை மூடிவிட்டால் கம்பார்தான் சரி என்று தோன்றும்.

மூன்றாவது கணக்குதான் முக்கியம். அது எத்தனை மாதம் என்ற கணக்கு. பாட வழி முதுகலையில் பாடங்களை முடித்தால் பட்டம். ஆய்வு வழியில் அப்படி இல்லை. சோதனை தோற்கும், கருவி பழுதாகும், மேற்பார்வையாளர் விடுப்பில் போவார், ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பி வரும். ஒன்றரை ஆண்டு என்று நினைத்துப் போனது இரண்டாண்டு ஆவது அதிசயமே இல்லை. அந்தக் கூடுதல் ஆறு மாதத்தில் தங்கை இழக்கும் சம்பளம் மட்டும், இப்போதைய 2,500 வெள்ளிக்கே, 15,000 வெள்ளி. இன்னொரு செமஸ்டர் கட்டணம் வேறு. ஊர் மாறி மிச்சம் பிடிக்கும் 7,200 வெள்ளியைப் போல இரண்டு மடங்கு, ஒரே ஒரு தாமதத்தில் போய்விடும்.

ஆகவே வாடகை மலிவான ஊரைவிட, நேரத்தோடு முடிக்க வைக்கும் மேற்பார்வையாளர் முக்கியம். அவரைத் தேடிப் போய்ப் பேச நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். தோட்டத்தில் பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்காமல் வளர்ந்த பழக்கம் அது. இது மரியாதைக் குறைவு அல்ல. பணிவோடு இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். உங்களிடம் முதுகலை செய்தவர்கள் சராசரியாக எத்தனை மாதத்தில் முடித்தார்கள்? ஆய்வு மானியம் இருக்கிறதா? அது எந்த மாதத்தோடு முடிகிறது? ஆய்வு உதவியாளராக என்னைச் சேர்த்துக்கொள்ள முடியுமா? மாதம் எவ்வளவு, முதல் தொகை எப்போது கைக்கு வரும்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வேலை உறுதியானாலும் ஆவணங்கள் நகர்ந்து முதல் தொகை வருவதற்குள் ஓரிரு மாதங்கள் ஓடலாம். கையில் மூன்று மாதச் செலவு இல்லாமல் மலையிறங்க வேண்டாம் என்பேன். மேற்பார்வையாளரிடம் பேசியபின், அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள். அவர் சொல்லும் மாதக் கணக்கு இன்னும் நம்பகமானது.

இனி அப்பாவின் பணம். இபிஎஃப்பில் 55 வயது வரை சேர்ந்தது 'அக்காவுன் 55' என்ற கணக்கில் இருக்கும். 55-க்குப் பின் சேர்வது 'அக்காவுன் எமாஸ்', அது 60 வரை பூட்டியிருக்கும். முதல் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எளிதாக எடுக்க முடிகிறதே, அதுதான் எனக்குக் கவலை. அந்தப் பணம்தான் மூன்று ஆண்டு கழித்து அவர்கள் குடியேறப் போகும் வீட்டின் முன்பணம். 55 வயதுக்குக் கீழே உள்ள பெற்றோர் 'அக்காவுன் செஜாத்ரா'விலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்க வழியுண்டு. அவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: இளங்கலைக்கு எடுத்திருந்தால் முதுகலைக்கும் எடுக்காதீர்கள்.

அதற்கு முன் தட்ட வேண்டிய கதவுகள் இருக்கின்றன. கேமரன் மலைப் பிள்ளைகள் பேராக்கில் இறங்கிப் பழகியதால், தாங்கள் பகாங் மாநிலத்தவர் என்பதையே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். யாயாசான் பகாங் அறக்கட்டளையில் முதுகலைக்கு என்ன உதவி உண்டு என்று கேளுங்கள். எம்ஐஇடி கல்விக் கடன் வழங்குகிறது. உயர்கல்வி அமைச்சின் மைபிரெயின் உதவித்தொகை அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். ஏற்கெனவே பிடிபிடிஎன் கடன் இருந்தால், படிப்பு நடக்கும்போது கட்டுவதை ஒத்திவைக்க மனு செய்யுங்கள். மனு செய்யாமல் நிறுத்திவிட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

இரண்டு இடத்திலும் மானியம் உறுதியாகக் கிடைக்கவில்லை என்றால்? அப்போது என் ஆலோசனை, வேலையை விடாமல் பகுதிநேரமாகப் பாட வழியில் படிப்பது. முதுகலை, முனைவர் படிப்புக்கு ஒருவர் தம் பெயரில் கட்டும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கும் உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உயரும்போது அது கைகொடுக்கும். ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் ஒரு வழி. எங்கே சேர்வதானாலும், அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்க்யூஏவின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.

தங்கைக்கு என் பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளை ஒரு தாளில் எழுதுங்கள். அதிலிருந்து ஆறு மாதம் கழியுங்கள். வேலை தேட அந்த அவகாசம் வேண்டும். அந்தத் தேதிக்குள் முடித்துவிடலாம் என்று மாதக் கணக்கோடு சொல்லி, மானியத்தையும் காட்டும் மேற்பார்வையாளர் தலைநகரில் இருந்தால் தலைநகருக்குப் போங்கள். கம்பாரில் இருந்தால் கம்பாருக்குப் போங்கள். இருவருமே அப்படி என்றால், அப்போது வாடகையைப் பாருங்கள். பிறகு அந்தத் தாளை அப்பாவின் முன் வைத்து, அவர் பணத்தில் எவ்வளவு தொடுவீர்கள், எதைத் தொடவே மாட்டீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்ல அப்பாக்களுக்குத் தெரியாது. அந்த எல்லையைப் பிள்ளைதான் போட வேண்டும்.